தொப்பை தேய்த்த பக்கம்

"கையை எடு! ஸ்விட்சுலேர்ந்து கையை எடு!"

ஒட்டடை கத்திக்கொண்டே சந்துக்குள் ஓடினான். இடது கால் செருப்பு திருப்பத்திலேயே அறுந்து விழுந்துவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. ஒட்டடைக் குச்சி மாதிரி ஆறடி இரண்டங்குல உயரம், பக்கவாட்டில் திரும்பினால் காணாமல் போகிற ஒல்லி, நாற்பத்தொரு வயது. ஓடிப் பழக்கமில்லாத உடம்பு.

பின்னால் வந்த சர்வேயரம்மா ஓடவில்லை. வேகமாக நடந்தார். ஆனால் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. பதினோரு வருடமாக அவரிடம் உதவியாளனாக இருக்கிறான் ஒட்டடை. பாஸ் முகம் இப்படி வெளுத்து அவன் பார்ப்பது இது இரண்டாவது தடவை. முதல் தடவை, கதவைத் திறந்தபோது உள்ளே ஒரு பிணம் இருந்தது.

சந்தின் கடைசியில் தச்சுப் பட்டறை. தகரக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே, தச்சரின் மைத்துனன் ஒரு தேக்குப் பலகையை இடுப்பில் அணைத்தபடி அந்தப் பழைய ரம்ப மெஷின் முன்னால் நின்றான். வலது கை மெஷின் காலில் இருந்த சிவப்புக் குமிழின் மேல்.

"தொடாதேய்யா!"

அவன் திரும்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே குமிழைத் திருப்பினான்.

க்ளிக்.

ஒட்டடை கண்ணை மூடிக்கொண்டான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஒன்றும் நடக்கவில்லை. மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி மட்டும் வேகம் குறைந்து, சோம்பேறித்தனமாக நின்றது.

"அட, இப்பப் பார்த்து கரண்ட் போயிடுச்சு" என்றான் மைத்துனன் எரிச்சலாக. "எதுக்கு சார் இப்படிக் கத்தறீங்க?"

"கத்தலைப்பா. உனக்கு ஆயுசு நூறுன்னு சந்தோஷத்துல பாடினேன்" என்று சொல்லிவிட்டு ஒட்டடை அப்படியே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்தான்.

சர்வேயரம்மா உள்ளே வந்தார். முதலில் மைத்துனனின் தோளைப் பிடித்து, ரம்பத்துக்கு நேராக நின்றவனை நான்கடி பக்கவாட்டில் நகர்த்தினார். அப்புறம்தான் மூச்சு விட்டார்.

"கரண்ட் எப்ப வரும்?"

"மூணு மணிக்குன்னு காலையிலேயே சொல்லியிருந்தாங்க" என்றாள், சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்த தச்சர் மனைவி. அவள்தான் நேற்று இவர்களைக் கூப்பிட்டவள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு இருபது.

"யாரும் எதையும் தொடக்கூடாது. கைரேகை அழிஞ்சுடும்" என்றார் சர்வேயரம்மா.

யாரும் தொடவில்லை. சிவப்புக் குமிழ் திருப்பியது திருப்பியபடியே இருந்தது. அதை ஒருவரைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

*

விவகாரம் இதுதான். பத்து நாளைக்கு முன் தச்சர் இந்த மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். பழைய இரும்புக் கடையில் கிடைத்தது என்றார். ஏழடி நீள இரும்பு மேசை, நடுவில் ஒரு பிளவு, அதிலிருந்து தலைநீட்டும் வட்ட ரம்பம். எப்படிப் பொருத்துவது, எப்படி ஓட்டுவது என்று சொல்லும் புத்தகம் கூட வரவில்லை. தயாரித்தவர் பெயர்த் தகடும் இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு திருகு ஓட்டைகள் மட்டும்.

இறக்கியவர் தார்ப்பாய் போட்டு மூடி, "யாரும் கிட்ட போகாதீங்க" என்று சொல்லிவிட்டு, பகலெல்லாம் வெளிவேலைக்குப் போய் ராத்திரிதான் வீடு திரும்பினார். மைத்துனனுக்குக் கை சும்மா இருக்குமா? மாமாவின் வெளிவேலை முடிவதற்குள் ஓட்டிக் காட்டி அசத்திவிட வேண்டும் என்று ஆசை. வயர்மேனைக் கூப்பிட்டு மோட்டாருக்கு இணைப்புக் கொடுத்தான். தானே பார்த்துப் பார்த்துப் பொருத்தினான்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. முதல் நாள் காலையில் பெல்ட்டைக் காணோம். புது பெல்ட் வாங்கினான். மறுநாள் ஃபியூஸைக் காணோம். அதையும் வாங்கினான். மூன்றாம் நாள், ரம்பத்தை அதன் தண்டில் இறுக்கிப் பிடிக்கும் பெரிய நட்டையே காணோம். ஒவ்வொரு முறையும் மேசைமேல் சாக்பீஸில் ஒரே வாசகம்.

*ஓட்டினால் சாவு.*

தச்சர் மனைவிக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. பெற்றவர்கள் போன பிறகு பத்து வயதிலிருந்து அவள் தூக்கி வளர்த்த தம்பி. அவனோ சாவு என்ற எழுத்தைத் துடைத்துவிட்டு அதே இடத்தில் டீ டம்ளரை வைக்கிற ரகம். போலீஸ் வேண்டாம் என்று புருஷன் ஒற்றைக் காலில் நின்றதால், அவருக்குத் தெரியாமல் சர்வேயரம்மாவிடம் வந்தாள். தீ விபத்து, இயந்திர விபத்து என்று இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்குச் சர்வேயராக இருபது வருடம் சாம்பலைக் கிளறியவர் அவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார்.

"நட்டு திருடு போச்சுன்னியே. இப்ப எப்படி மாட்டின?"

"லேத்துப் பட்டறையில புதுசா கடைஞ்சு வாங்கினேன் மேடம். கடையில கிடைக்காதாம். இடது மரையாம், எதிர்ப்பக்கம் திருகணுமாம். வாங்கினதிலேர்ந்து கீழயே வைக்கல. கைக்குட்டையில முடிஞ்சு இடுப்புல கட்டிக்கிட்டுதான் சாப்பிட்டேன்." சொல்லும்போதே பெருமை வழிந்தது. "திருடன் இடுப்புல கைவைக்க முடியாதில்ல?"

"அப்ப, திருடன்தான் உன்னைக் காப்பாத்தினது. நீ இல்லை."

"என்ன மேடம் சொல்றீங்க?"

சர்வேயரம்மா கைபேசியை நீட்டினார். நேற்று எடுத்த படம். அதை உற்றுப் பார்த்த பிறகுதான் அவர் ஒட்டடையை இழுத்துக்கொண்டு இங்கே விரைந்திருந்தார். மேசையின் விளிம்பு. நீளத்துக்கும் சாம்பல் நிறப் பெயிண்ட். ஆனால் ஒரு சாண் அகலத்துக்குப் பெயிண்டே இல்லாமல் இரும்பு வெள்ளியாய் மின்னியது.

"இது என்ன?"

"தேய்ஞ்சிருக்கு."

"எது தேய்ச்சிது?"

ஒட்டடை எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். "பாஸ், இது தொப்பை. எங்க மாமனார் கடை கல்லாப்பெட்டியில இதே மாதிரி ஒரு பளபளப்பு உண்டு. முப்பது வருஷம் ஒரே தொப்பை சாய்ஞ்சாதான் இந்த மெருகு வரும்."

"கரெக்ட். வருஷக்கணக்கா ஒருத்தர் அங்க நின்னு வயித்தைச் சாய்ச்சு மரம் தள்ளியிருக்கார். இப்பச் சொல்லு தம்பி, இந்தத் தேய்மானம் எந்தப் பக்கம் இருக்கு?"

மைத்துனன் குனிந்து பார்த்தான். அவன் நின்றிருந்த வாசல் பக்க விளிம்பில் பெயிண்ட் முழுசாக இருந்தது. சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனான். ஜன்னல் பக்க விளிம்பில் வெள்ளி மின்னியது.

"அப்ப, நான் பின்பக்கம் நிக்கறேனா?"

"ஏன் இதுதான் முன்பக்கம்னு முடிவு பண்ணினே?"

"ஸ்விட்சு இந்தப் பக்கம்தானே மேடம் இருக்கு! ஸ்விட்சு இருக்கற பக்கம்தானே ஆள் நிப்பான்? மோட்டார் சுத்தினதும் இந்தப் பக்கத்துக்குச் சரியா இருந்துச்சு. பல்லு என்னைப் பார்த்து இறங்கற மாதிரி ரம்பத்தைத் திருப்பி மாட்டினேன். எல்லாம் பொருந்திச்சே!"

"எல்லாம் பொருந்திச்சு. நட்டைத் தவிர." சர்வேயரம்மாவின் குரல் தணிந்தது. "ரம்பம் சுத்தறதுக்கு எதிர்ப்பக்கமாத்தான் அதோட நட்டுக்கு மரை வெட்டுவாங்க. சரியான சுத்துல ஓடினா, ஓட ஓட நட்டு இறுகும். நீ மாத்தின சுத்துல ஓடினா, ஓட ஓடக் கழலும். பலகை இடிச்ச முதல் அதிர்ச்சியிலேயே கழண்டுடும். ரம்பம் தண்டைவிட்டு வெளிய வந்து, எந்தப் பக்கம் சுத்துதோ அந்தப் பக்கம் பறக்கும்."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் தச்சர் மனைவி.

பலகையை அணைத்தபடி தம்பி நின்றிருந்த இடத்தை எல்லோரும் பார்த்தார்கள். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

*

சர்வேயரம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு, துணிப்பையோடு மேசைக்கு அடியில் நுழைந்தார். ஐந்து நிமிடம் அங்கேயே இருந்தார். டங், டங் என்று ஏதோ தட்டும் சத்தம். வெளியே வந்தபோது கையெல்லாம் கருப்பு. பை கொஞ்சம் உப்பியிருந்தது.

"பாஸ், அம்பத்தாறு வயசுல மெஷினுக்கு அடியில படுக்கறீங்க. நான் நாற்பத்தொண்ணுல கட்டில்ல படுத்தாலே பிடிச்சுக்குது."

"வாயை மூடிட்டு அந்தக் கதவுகிட்ட நில்லு."

ஒட்டடை கதவுப் பக்கம் போய் நின்றான். மணி இரண்டு நாற்பத்தைந்து.

சைக்கிள் சாய்கிற சத்தம். தச்சர் வந்துவிட்டார். யாரோ சொல்லியிருக்க வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டி, மூச்சிரைக்க வாசலில் நின்றார். நாற்பதைத் தாண்டிய, அதிகம் பேசாத மனிதர். கண் முதலில் மைத்துனனைத் தேடியது. அப்புறம் அவனுடைய இரண்டு கைகளை. அப்புறம்தான் மற்றவர்களை.

"யார் இவங்கல்லாம்?"

"நான்தாங்க கூப்பிட்டேன்" என்றாள் மனைவி. "நீங்க திட்டினாலும் பரவாயில்லை. எனக்குப் பயமா இருந்துச்சு."

"உள்ள வாங்க" என்றார் சர்வேயரம்மா. "திருடன் யாருன்னு ஏறக்குறைய தெரிஞ்சுபோச்சு."

தச்சர் உள்ளே வந்தார். வாசலிலிருந்து மெஷினை நோக்கி நேராக வராமல், சுவரோரமாகச் சுற்றி வந்தார்.

சர்வேயரம்மா மைத்துனனைப் பழையபடி மேசை முன்னால் போய் நிற்கச் சொன்னார். "அப்ப நின்ன மாதிரியே. நீங்க புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் அவனுக்குப் பக்கத்துல நில்லுங்க. எனக்குக் கணக்கு பார்க்கணும்."

"வேண்டாம். அங்க நிக்க வேண்டாம்" என்றார் தச்சர் சட்டென்று.

"கரண்ட் இல்லையே மாமா. என்ன பயம்?" மைத்துனன் சிரித்தான். ஆனால் அவன் நின்றது முன்பு மாதிரி இல்லை. ரம்பத்தின் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். பாஸ் எதற்காக அவனைத் திரும்பவும் அதே கோட்டில் நிறுத்துகிறார்? அப்போதுதான் ஒட்டடையின் பார்வை அந்தச் சிவப்புக் குமிழில் விழுந்தது. சற்றுமுன் மைத்துனன் திருப்பியது. இன்னும் ஓடும் நிலையிலேயே இருந்தது.

மணி இரண்டு ஐம்பத்திரண்டு.

"பாஸ், அந்த ஸ்விட்சு..."

"பேசாம இரு." அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "இந்தத் திருடனைப் பாருங்க. பட்டறையில புது டிரில்லிங் மெஷின் இருக்கு, தொடல. மெஷினைக் கெடுக்கணும்னா மோட்டார்ல ஒரு பிடி மண்ணைப் போட்டிருக்கலாம், போடல. பெல்ட், ஃபியூஸ், நட்டு. எதையும் உடைக்கல. ஓடாம நிறுத்த மட்டும் செஞ்சிருக்கான். அப்ப, இது விரோதி இல்லை. அக்கறை உள்ளவன்."

"அக்கறை உள்ளவன் சாவுன்னு எழுதுவானா?" என்றாள் மனைவி.

"வாயால சொல்ல முடியாதவன் எழுதுவான். இன்னொண்ணு. முதல் நாள் அந்த நட்டைக் கழட்ட உன் தம்பி என்ன பாடு பட்டான்?"

"ஒரு மணி நேரம் சுத்தியால அடிச்சான். தெருவே வந்து கேட்டுச்சு."

"ஏன்னா, எதிர் மரைன்னு அவனுக்குத் தெரியாது. திருடன் கழட்டின ராத்திரி?"

"ஒரு சத்தமும் கேக்கல."

"ஏன்னா, அவனுக்குத் தெரியும். புத்தகம் இல்லாத மெஷின். பேர் இல்லாத மெஷின். ஆனா இந்த வீட்டுக்குள்ள ராத்திரி நடமாடற ஒருத்தனுக்கு இதோட நட்டு எந்தப் பக்கம் திரும்பும்னு மனப்பாடம்."

தச்சரின் நெற்றியில் வியர்வை முத்து கோத்தது. மணி இரண்டு ஐம்பத்தெட்டு. மூன்று அடிக்க இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது என்று ஒட்டடை மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தபோது...

மேலே மின்விசிறி ஒரு தரம் அசைந்தது.

அடுத்த நொடி மேசைக்கு அடியில் மோட்டார் உறுமியது.

இரும்பு மேசை நடுங்கியது. டீ டம்ளர் கீழே விழுந்து சிதறியது. தச்சர் மனைவி அலறியபடி பின்வாங்கிச் சுவரில் மோதினாள். ஒட்டடை "ஐயோ" என்று பின்னால் பாய்ந்து கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டான். மைத்துனன் பலகையைப் போட்டுவிட்டு, பின்னால் ஒரு அடி, இன்னொரு அடி...

"பின்னால போகாதடா!"

தச்சர் பாய்ந்தார். மைத்துனனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்து எறிந்தார். இரண்டு பேரும் மரச்சீவல் குவியலுக்குள் விழுந்தார்கள். அவன் தலையைத் தன் மார்பில் அழுத்தி, மேலே கவிழ்ந்து மூடிக்கொண்டார் தச்சர். "போகாதடா... நேர்ல போகாதடா..." என்று அவர் வாய் திரும்பத் திரும்ப முணுமுணுத்தது.

க்ளிக்.

சர்வேயரம்மா குமிழைத் திருப்பியிருந்தார். உறுமல் அடங்கியது.

ரம்பம் ஒரு பல் கூட அசைந்திருக்கவில்லை.

அவர் துணிப்பையைக் கவிழ்த்தார். கருப்புப் பாம்பு மாதிரி பெல்ட் விழுந்தது.

"அப்பவே கழட்டிட்டேன். மோட்டார் தனியாத்தான் சுத்திச்சு. பயமுறுத்தினதுக்கு மன்னிச்சுக்குங்க."

"எனக்கும் சேர்த்து சொல்லுங்க பாஸ்" என்றான் ஒட்டடை கதவிலிருந்து உரிந்து வந்து. "நான் உங்க கட்சி. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ பின்னாடி ஓடியிருக்க மாட்டே. நீ ஓடணும்." அவர் தச்சருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். "பயந்த மனுஷன் பின்னாடிதான் ஓடுவான். புலி வந்தாலும் அதுதான், பேய் வந்தாலும் அதுதான். இங்க மூணு பேர் அப்படித்தான் போனாங்க. நீங்க ஒருத்தர்தான் பக்கவாட்டுல பாய்ஞ்சீங்க. கழண்ட ரம்பம் நேர்க்கோட்டுல வரும், பின்னாடி ஓடினவன் தப்பிக்கவே முடியாதுன்னு தெரிஞ்சவன் மட்டும்தான் அப்படிப் பாய்வான். அதைக் கண்ணால பார்த்தவன். அப்படி யார் செத்ததைப் பார்த்தீங்க?"

தச்சர் எழுந்தார். கருவிப் பெட்டியைத் திறந்து, அடித்தட்டை நெம்பி எடுத்தார். பெல்ட், ஃபியூஸ், நட்டு, எல்லாம் இருந்தன. அவற்றுக்குக் கீழே பழைய துணியில் சுற்றிய ஒரு பித்தளைத் தகடு. அதன் நடுவில் தெளிவாக ஒரு அம்புக்குறி. சுற்ற வேண்டிய திசை.

"இது இருந்திருந்தா நான் தப்பா மாட்டியிருக்கவே மாட்டேனே மாமா!" என்றான் மைத்துனன்.

"இதுல பட்டறை பேரும் இருக்குடா மாப்ளே. அது தெரியக்கூடாதுன்னுதான் பிடுங்கினேன்." தச்சர் தகட்டின் விளிம்பை விரலால் தடவினார். "நான் வேலை பார்த்த பட்டறை. என் முதலாளியோட மெஷின் இது."

"மாரடைப்புல போனார்னு சொன்னீங்களே?" என்றாள் மனைவி.

தச்சர் அவளைப் பார்க்கவில்லை. "ரிப்பேருக்குப் போன மோட்டார் திரும்பி வந்துச்சு. நான்தான் ஒயரை மாட்டினேன். ரெண்டு ஒயர் இடம் மாறிப்போச்சு. சுத்து மாறிடுச்சு. இப்ப இவன் வச்சிருக்கானே, அதே சுத்து. முதலாளி அவர் வழக்கமா நிக்கற இடத்துல நின்னு அவரே ஸ்விட்சைப் போட்டார். நான் வாசல்ல மரம் இறக்கிட்டு இருந்தேன். போலீசுக்கும் அதைத்தான் சொன்னேன். வேற யார் கைக்கும் இந்த மெஷின் போயிடக் கூடாதுன்னு நானே கேட்டு வாங்கிட்டு வந்து மூடி வச்சேன்."

"வழக்கமா நிக்கற இடத்துல?"

"ஆமாம்மா."

"அவரே ஸ்விட்சைப் போட்டார்?"

"ஆமா."

சர்வேயரம்மா எழுந்தார். "ஒட்டடை, ஃபியூஸைப் பிடுங்கிட்டு வா. ஜன்னல் பக்கம் போ. அந்தத் தொப்பை தேய்ச்ச இடத்துல உன் வயித்தை வை."

"எனக்கு வயிறு எங்க பாஸ் இருக்கு?" என்று முனகினாலும், ஃபியூஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான்.

"அங்கேர்ந்து கையை நீட்டி ஸ்விட்சைத் தொடு."

ஒட்டடை மேசைமேல் சாய்ந்தான். ரம்பத்துக்கு ஒரு முழம் தள்ளி உடம்பை நீட்டினான். எக்கினான். ஆறடி இரண்டங்குலமும் நீண்டது. கால் கூடத் தரையைவிட்டு எழும்பிவிட்டது. அவனுடைய விரல் நுனிக்கும் சிவப்புக் குமிழுக்கும் நடுவில் இன்னும் ஒரு சாண் இருந்தது.

ஒட்டடை குமிழையும் பளபளக்கும் விளிம்பையும் மாறி மாறிப் பார்த்தான். மெதுவாக இறங்கி நின்றான்.

"இந்த ஊர்ல இவனைவிட நீளமான கை இல்லை" என்றார் சர்வேயரம்மா. "தொப்பை அந்தப் பக்கம். ஸ்விட்சு இந்தப் பக்கம். அங்க நின்னு யாராலயும் தானா போட்டுக்க முடியாது. இது ரெண்டு பேர் வேலை செய்யற மெஷின். ஒருத்தர் மரம் தள்ளணும். இன்னொருத்தர் இந்தப் பக்கம் நின்னு மரத்தை இழுக்கணும். ஸ்விட்சையும் அவர்தான் போடணும்."

மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சாக்பீஸ் தூள் மேசைமேல் மெல்ல நகர்ந்தது.

"என்னங்க..." என்றாள் மனைவி.

தச்சர் தன் வலது கையைப் பார்த்தார். வேறு யாருடைய கையையோ பார்ப்பது மாதிரி.

"காலையிலேர்ந்து திட்டிக்கிட்டே இருந்தாரு. மோட்டார் மாட்டத் தெரியாதவன்னு, எல்லார் முன்னாடியும். நான் மாட்டி முடிச்சதும் சுத்திக்கிட்டு இந்தப் பக்கம் வந்து, ரம்பத்துக்கு நேரா குனிஞ்சு பார்த்தாரு. நான் ஸ்விட்சு மேல கையை வச்சேன். 'போடட்டுமா?'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'இருடா, சுத்து பார்க்கணும்'னாரு."

மைத்துனன் நம்பிக்கையோடு ஒரு அடி முன்னால் வந்தான். "உங்க காதுல விழுந்திருக்காது மாமா. பட்டறைச் சத்தத்துல..."

"மத்த மெஷின் எதுவும் ஓடலடா" என்றார் தச்சர். "நல்லாவே விழுந்துச்சு."